திருச்சியில் மைத்துனரின் கார்டு, கொக்குவிலில் படம்: இதில் களவு எங்கே இருக்கிறது?

கொக்குவில்_மூத்தவன்

வணக்கம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. முழங்கால் வலி. விறாந்தைக் கதிரையை விட்டால் தொலைக்காட்சிக்கு முன்னால் உள்ள கதிரை, அவ்வளவுதான் அவருடைய நடமாட்டம். வீட்டில் இந்திய டிஷ் ஒன்று இருக்கிறது. கடைக்காரர் ஒருவர் மூலம் மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறோம். இந்திய விலைக்கு மேல் அவர் வைக்கும் இலாபம் அதிகம். காசு வாங்கிய பின்பும் ஒரு வாரம் படம் வராமல் இருந்தது இரண்டு தடவை நடந்துவிட்டது.

இப்போது வேறொருவர் புது யோசனை சொல்கிறார். திருச்சியில் இருக்கும் என் மைத்துனரிடம் அதே நிறுவனத்தின் இணைப்பு இருக்கிறது, பெரிய தொகுப்பு. அவருடைய சந்தாக் கார்டை அங்கேயே ஒரு சிறு பெட்டியில் சொருகி இணையத்தில் இணைத்துவிட்டால், இங்கே எங்கள் ரிசீவர் அந்தக் கார்டைத் தன் கார்டாகவே நினைத்துக்கொள்ளுமாம். பெட்டிகளும் வேலைக்கூலியும் சேர்த்து ஒரே தடவை 28,000 ரூபா. பிறகு மாதச் செலவு கிடையாது. மைத்துனர் ஒழுங்காகக் காசு கட்டித்தான் பார்க்கிறார். அப்படியானால் இதில் களவு எங்கே இருக்கிறது? 5,000 முற்பணம் கொடுத்துவிட்டேன். விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தட்டுத்தம்பி

அண்ணை, பதினொரு வருடமாகச் சுன்னாகம் பக்கம் டிஷ் பொருத்துகிறேன். அவர் உங்களுக்குப் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார்.

வானத்திலிருந்து வரும் சமிக்ஞை எல்லார் வீட்டுத் தட்டிலும் விழுகிறது, பூட்டிய நிலையில். பூட்டைத் திறக்கும் சாவி ஏறக்குறைய பத்து விநாடிக்கு ஒரு தடவை மாறும். புதிய சாவியும் அதே சமிக்ஞைக்குள்தான் வருகிறது, ஆனால் கட்டிய பொட்டலமாக. அந்தப் பொட்டலத்தை அவிழ்க்கத் தெரிந்தது கார்டுக்கு மட்டும். ரிசீவர் பொட்டலத்தை நீட்டும். கார்டு சந்தா உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுக்கும். அந்தப் பிளாஸ்டிக் துண்டின் உத்தியோகம் இவ்வளவுதான்.

கார்டு பகிர்வு என்றால் இந்தக் கொடுக்கல் வாங்கலை இணையத்தின் வழியே செய்வது. படம் இணையத்தில் வருவதில்லை, அது உங்கள் தட்டிலேயே விழுகிறது. வருவது சாவி மட்டும், 64 பிட். ஒரு குறுஞ்செய்தியை விடச் சிறியது. ஆகவே நத்தை வேக இணைப்பும் போதும். ஒரே கார்டு பத்து வீட்டுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். வியாபாரம் பிறந்த இடம் அதுதான்.

ஜேர்மனியில் அண்ணன் இருக்கிறார், அவருடைய கார்டில் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். முடியாது. அங்கே அவர்கள் பார்ப்பது ஐரோப்பாவை நோக்கிக் குவித்த கதிர். சாவி வந்தாலும் திறப்பதற்கு இங்கே பூட்டு இல்லை. இந்தியத் தட்டு நமக்கு வேலை செய்வதற்குக் காரணம், இந்தியாவுக்கென்று குவித்த கதிர் பாக்கு நீரிணையில் பிரேக் போட்டு நிற்பதில்லை. 83 பாகை கிழக்கில் நிற்கும் செயற்கைக்கோள் நமக்கு ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருக்கிறது.

ஒரு கேள்வி. மைத்துனரின் பெட்டி எந்த வருடத்தது? இப்போது வரும் பெட்டிகளில் கார்டுக்கும் பெட்டிக்கும் கலியாணம் செய்து வைத்துத்தான் அனுப்புகிறார்கள். கார்டு கொடுக்கும் சாவியை அந்தப் பெட்டியின் சில்லு மட்டுமே புரிந்துகொள்ளும், இன்னொரு பெட்டிக்கு அது வெறும் உளறல். சில பெட்டிகளில் கார்டே கிடையாது. 28,000 கேட்டவர் இதை விசாரித்தாரா?

இரவுப்பூனை

எனக்கு இதில் குற்றம் எதுவும் தெரியவில்லை. அந்த இந்திய நிறுவனம் யாழ்ப்பாணத்தில் கடை திறக்கவில்லை, திறக்கவும் போவதில்லை. விற்காத ஊரில் அதற்கு என்ன நட்டம்? கதிர் எங்கள் கூரையில் கேட்காமலே வந்து விழுகிறது. பக்கத்து வளவு மாமரம் எங்கள் பக்கம் சாய்ந்தால் விழும் காய் எங்களுக்குத்தான்.

வேப்பமரநிழல்

தம்பி, மாங்காய் நியாயம் நன்றாக இருக்கிறது. பக்கத்து வளவுக்காரர் கூடை போட்டுப் பூட்டித் தொங்கவிட்ட காயை விழுந்த காய் என்று சொல்லமுடியுமா என்பதுதான் என் சந்தேகம்.

எண்பதுகளின் பிற்பகுதியில் நாங்களும் கடலுக்கு அப்பாலிருந்து பார்த்தவர்கள்தான். ரூபவாஹினி 1982 இல் தொடங்கிவிட்டது, ஆனாலும் எங்கள் ஒழுங்கையில் எல்லா அன்டெனாவும் மேற்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. கொடைக்கானல் மலையிலிருந்து வரும் தூர்தர்ஷனுக்காகக் குழாயோடு குழாயை இணைத்து நாற்பது அடிக் கம்பம் எழுப்புவோம். ஒருவர் கூரையில் நின்று திருப்புவார், இன்னொருவர் முற்றத்தில் நின்று "வருகிறது... போய்விட்டது" என்று அஞ்சல் செய்வார். வெயில் கடுமையான நாளில் படம் கண்ணாடி போல இருக்கும். மழை மூட்டமென்றால் மணல் புயல்தான். தொண்ணூறில் மின்சாரம் போனது; அதன்பின் ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெய் தேடிக் கலியாண வீடுகளில் மட்டும் பார்த்தோம்.

அதில் களவு இருக்கவில்லை. அவர்கள் பூட்டவுமில்லை, சந்தா கேட்கவுமில்லை. பூட்டு வந்த பிறகுதான் இந்தக் கேள்வியே வந்தது.

சட்டப்புத்தகம்

பெரியவர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். சட்டமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரவுப்பூனை தம்பி, விற்காத பொருளுக்கு நட்டமில்லை என்ற வாதம் தேநீருக்கு நன்றாக இருக்கும். நீதவான் முன்னால் நான் அதை எடுக்கமாட்டேன். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் 23 ஆம் பிரிவைப் பாருங்கள். ஒரு ஒளிபரப்பைப் பெற உரிமையில்லாதவர் அதைப் பெறுவதற்குத் துணைசெய்யும் கருவியை விற்பனைக்கோ வாடகைக்கோ தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் உரிமை மீறலாகவே கொள்ளப்படும். தண்டனை 178 ஆம் பிரிவில் இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். மறுபடி அகப்பட்டால் இரட்டிப்பாகலாம்.

"விற்பனைக்கோ வாடகைக்கோ" என்பதைக் கவனியுங்கள். கதிரையில் இருக்கும் பெரியவரைத் தேடி எழுதிய பிரிவு அல்ல, 28,000 வாங்கும் மனிதரைத் தேடி எழுதியது.

இனி மைத்துனர். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 10 ஆம் பிரிவு, ஒரு சேவைக்குள் நுழைவதற்காகத் தன்னை நம்பி ஒப்படைத்த தகவலை அனுமதியில்லாமல் அல்லது ஒப்பந்தத்தை மீறி இன்னொருவருக்கு வெளியிடுவதைக் குற்றமாக்குகிறது. அது இலங்கைச் சட்டம். மைத்துனர் இருப்பது திருச்சியில். அங்கே பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 இல் சேர்த்த 65ஏ பிரிவு இருக்கிறது. உரிமை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பாதுகாப்பை முறியடிப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் தண்டமும். கார்டு பகிர்வு அதற்குள் விழுமா என்று வாதாடலாம்தான். ஆனால் அந்த வாதம் நடக்கும்போது கூண்டில் நிற்பவர் உங்கள் மனைவியின் அண்ணன்.

இந்தச் சங்கிலியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெட்டி விற்றவர், பொருத்துபவர், பார்ப்பவர், மைத்துனர். நிறுவனத்திடம் பெயரும் முகவரியும் இருப்பது ஒருவருடையது மட்டும்.

கொக்குவில்_மூத்தவன்

அக்கா, மனைவியின் தம்பி. மற்றபடி நீங்கள் சொல்வது விளங்குகிறது. ஆனால் நாங்கள் வியாபாரம் செய்யவில்லையே, வீட்டுக்கு மட்டும்தானே?

தேநீர்க்கடை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். சாவகச்சேரியில் சிறிய சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். கிரிக்கெட் நாட்களில் வீட்டு டிஷ்ஷைக் கடைக்கு இழுத்துவந்து வைப்பேன். ரீசார்ஜ் முழுக் காசு கொடுத்துத்தான் செய்கிறேன். கார்டு பகிர்வு எதுவும் இல்லை. அதுவும் தவறா?

ஹரோ_வாசி

தேநீர்க்கடை அண்ணை, உங்களுடைய கேள்வியை ஒரு பெண்மணி ஐரோப்பிய நீதிமன்றம் வரை கொண்டுபோனார். போர்ட்ஸ்மத் நகரத்தின் சவுத்சீயில் மதுச்சாலை நடத்திய கரன் மர்பி. பிரீமியர் லீக் உதைபந்தாட்டத்தை உள்ளூர்ச் சந்தாவில் காட்டினால் கட்டுப்படியாகவில்லை. கிரேக்க நாட்டு நிறுவனத்தின் கார்டை வாங்கிப் போட்டார். பிடித்தார்கள், தண்டமும் செலவும் சேர்த்து ஏறக்குறைய 8,000 பவுண். அவர் விடவில்லை. 2011 ஒக்டோபர் 4 ஆம் திகதி லக்சம்பேர்க்கில் தீர்ப்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு உறுப்பு நாட்டில் முறையாக விற்ற கார்டை இன்னொரு உறுப்பு நாட்டில் பயன்படுத்துவதை நாட்டுச் சட்டம் தடுப்பது சேவைகளின் தடையற்ற நடமாட்டத்துக்கு விரோதம் என்றார்கள். மறு வருடம் லண்டன் உயர் நீதிமன்றம் அவருடைய குற்றத் தீர்ப்பை நீக்கியது.

இங்கே லண்டனில் பல தமிழ்க் கடைக்காரர்கள் அன்றைக்கு வெடி கொளுத்தாத குறைதான். தீர்ப்பின் மறுபாதியை யாரும் வாசிக்கவில்லை. ஆட்டம் யாருடைய படைப்பும் இல்லை, ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் ஓடும் முகப்புப் படம், லீக்கின் கீதம், திரையில் தோன்றும் வரைகலை எல்லாம் பதிப்புரிமை உள்ளவை. வாடிக்கையாளருக்கு முன் அவற்றைக் காட்ட அனுமதி வேண்டும் என்றும் அதே தீர்ப்புச் சொல்கிறது.

ஆகவே வீட்டுச் சந்தாவைக் கடையில் காட்டுவது வேறு வகைத் தவறு. மூத்தவன் அண்ணைக்கும் ஒன்று சொல்கிறேன். மர்பியின் கையில் இருந்தது காசு கொடுத்து வாங்கிய உண்மையான கார்டு. ஒரு கார்டு, ஒரு பெட்டி, ஒரு கடை. அவருக்குத் துணைக்கு வந்தது ஐரோப்பாவின் ஒரே சந்தை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் அப்படி ஒரு சந்தை கிடையாது, கடல்தான் இருக்கிறது.

இரவுப்பூனை

ஆக, பணக்கார நாடு என்றால் எல்லை தாண்டிய கார்டு உரிமை, நாங்கள் செய்தால் களவு. நல்ல நியாயம்.

சட்டப்புத்தகம்

அந்தக் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. இந்திய நிறுவனங்களுக்குக் கிடைத்திருக்கும் அனுமதி இந்தியாவுக்கு. இங்கே கட்டணத் தொலைக்காட்சி நடத்த இலங்கை அனுமதி வேண்டும். இடையில் இருப்பவர்கள் திருச்சி முகவரியில் சந்தா எடுத்துத் திருநெல்வேலியில் பார்க்கிறார்கள். (யாழ்ப்பாணத்தில் உள்ள நம்முடைய திருநெல்வேலியைத்தான் சொல்கிறேன், அவர்களுடையதை அல்ல.) வடக்கில் பாதிக் கூரைகள் இந்தச் சாம்பல் நிறத்தில்தான் இருக்கின்றன. அதற்கு நிறுவனமாவது காசு பெறுகிறது. கார்டு பகிர்வில் அதுவும் இல்லை.

டயலொக் டிவி, பியோ டிவி போன்ற உள்ளூர்ச் சேவைகளில் தமிழ் அலைவரிசைகள் இருக்கின்றன. எல்லாம் இருக்காது என்பது எனக்கும் தெரியும். என் அம்மா கேட்கும் நாடகமும் அதில் இல்லை.

தட்டுத்தம்பி

சட்டத்தை அக்கா பார்த்துக்கொள்ளட்டும். எனக்குப் பெட்டியைப் பற்றிச் சொல்ல ஆசை.

இந்த ரிசீவர்கள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடும் சிறு கணினிகள். பொருத்துபவர் வைத்த கடவுச்சொல்தான் அதில் இருக்கும், பல பெட்டிகளில் தொழிற்சாலை வைத்ததே இருக்கும், அதை உலகமே அறியும். பழுது பார்ப்பதற்கு என்று அவர் வெளியிலிருந்து நுழைய ஒரு கதவைத் திறந்து வைப்பார். அந்தக் கதவு உங்கள் வீட்டு இணையத்துக்குள் திறக்கிறது. உங்கள் பிள்ளையின் கணினியும் நீங்கள் வங்கிக் கணக்குப் பார்க்கும் தொலைபேசியும் அதே வீட்டுக்குள்தான் இருக்கின்றன. மைத்துனர் வீட்டிலும் அதே கதை. இரண்டு வீட்டுச் சாவியும் ஒரே மனிதரின் சட்டைப் பையில் இருக்கும்.

போன வருடம் ஒரு வீட்டில் இணையம் இரவு முழுக்க ஊர்கிறது என்று அழைத்தார்கள். இப்படிப்பட்ட ஒரு பெட்டியைக் கழற்றினேன், சரியாகிவிட்டது. உள்ளே என்ன ஓடியது என்று கண்டுபிடிக்க எனக்குப் படிப்புப் போதாது. யாருக்கோ வேலை செய்துகொண்டிருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

மழைக்காலமும் இருக்கிறது. கார்த்திகை மழையில் சமிக்ஞை போகும், அது எல்லாத் தட்டுக்கும் பொது. கார்டு பகிர்வில் திருச்சியில் மின்சாரம் போனாலும் உங்கள் படம் நிற்கும், இங்கே இணையம் போனாலும் நிற்கும். சாவி சில விநாடி பிந்தினாலே படம் உறைந்துவிடும். 2022 இல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்தபோது என்னிடம் வந்து ஏசியவர்களில் பாதிப் பேர் நான் பொருத்தாத பெட்டிக்காரர்கள்.

மிதிவண்டிக்காரி

கார்டு பகிர்வுச் சாவியை இணையத்தில் விற்பதை 'லைன்' என்பார்கள். அப்படி ஒரு வருட லைனுக்கு 9,000 ரூபா கட்டி ஏமாந்தவள் நான். ஆளை நேரில் கண்டதில்லை, தொலைபேசியில் குரல் மட்டும். ஏழு வாரம் ஓடியது. பிறகு வாரக் கடைசியில் மட்டும் உறையும். பிறகு இல்லை. இலக்கமும் இல்லை. பொலிசில் போய் என்னவென்று முறையிடுவது? "களவாகப் படம் தருவதாகச் சொன்னவர் தரவில்லை" என்றா? அண்ணா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

மட்டுறுத்துநர்

ஒருவர் இங்கே லைன் விலைப்பட்டியல் போட்டிருந்தார், நீக்கிவிட்டேன். மென்பொருள் எப்படி நிறுவுவது என்ற கேள்விக்கும் இங்கே பதில் வேண்டாம்.

கொக்குவில்_மூத்தவன்

எல்லாவற்றையும் வாசித்தேன். ஒரு சிறு விடயம், முதலில் சொல்லவில்லை. முன்வீட்டு மாஸ்டரும் பின்வீட்டுக்காரரும் தங்களுக்கும் ஒரு இணைப்பு வேண்டும் என்றார்கள். மாதம் ஆளுக்கு 1,000 தருவார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னார்கள். அப்படியென்றால் 28,000 ரூபா பதினான்கு மாதத்தில் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

சட்டப்புத்தகம்

அதுதானே பார்த்தேன். "வாடகைக்கோ" என்ற சொல்லை மறுபடி வாசியுங்கள். கேட்காமல் தந்தாலும் வாங்கிய கை உங்களுடையது. காலையில் நீங்கள் ஒரு பெரியவரின் மகன், மாலையில் இரண்டு வாடிக்கையாளர் உள்ள கேபிள்காரர்.

ஹரோ_வாசி

இங்கே தொடங்கியதும் இப்படித்தான். மாமா வீடு, சித்தப்பா வீடு, பிறகு கோயிலில் சந்தித்தவர். கார்டுக்கும் பெட்டிக்கும் கலியாணம் நடந்த பிறகு பலர் சாவியை விட்டுவிட்டு, படத்தையே இணையத்தில் அனுப்பும் வியாபாரத்துக்கு மாறினார்கள். 2023 மே மாதம் அப்படி ஒரு கூட்டத்தில் ஐந்து பேருக்கு டேர்பி நீதிமன்றத்தில் தண்டனை கிடைத்தது. தலைவருக்கு 11 ஆண்டு, எல்லாருக்கும் சேர்த்து 30 ஆண்டுக்கு மேல். சந்தாதாரர்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல், புரண்ட பணம் எழுபது இலட்சம் பவுணுக்கு மேல். உங்கள் இரண்டு வீட்டோடு ஒப்பிடவில்லை அண்ணை, பயப்படாதீர்கள். ஆனால் வழக்குப் போட்டது பொலிஸ் அல்ல, பிரீமியர் லீக்கே தனிப்பட்ட வழக்காக நடத்தியது. பொலிஸ் கவனிக்காது என்று ஆறுதல் அடைபவர்களுக்காகச் சொல்கிறேன்.

நிறுவனங்களின் பொறுமைக்கு இன்னொரு கதை. அமெரிக்காவில் டைரெக்ட்டிவி என்ற செய்மதித் தொலைக்காட்சி நிறுவனம், களவாக மாற்றியமைத்த கார்டுகளுக்குள் மாதக்கணக்காகச் சிறு சிறு துணுக்குகளாக நிரலை வானத்திலிருந்தே அனுப்பிக்கொண்டிருந்தது. பார்ப்பவர்களுக்கு அது குப்பை போலத் தெரிந்தது. 2001 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை இரவு, சூப்பர் போல் என்ற அமெரிக்கக் கால்பந்தாட்ட (நம்முடைய உதைபந்தாட்டம் அல்ல) இறுதிப் போட்டிக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கும்போது, கடைசித் துணுக்கு வந்தது. கார்டுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. செத்த கார்டுக்குள் "ஆட்டம் முடிந்தது" என்ற பொருளில் எழுதியும் வைத்திருந்தார்கள். அது பகிர்வு அல்ல, களவாக மாற்றியமைத்த கார்டு. ஆனாலும் முற்பணம் கொடுத்தவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கதை.

இரவுப்பூனை

கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் மைத்துனர் மாட்டுவார் என்பதை நான் யோசிக்கவில்லை. அவருக்கு இதில் என்ன கிடைக்கிறது?

தட்டுத்தம்பி

நல்ல கேள்வி. மூத்தவன் அண்ணை, மைத்துனர் என்ன சொன்னார்?

கொக்குவில்_மூத்தவன்

(ஒன்பது நாட்களுக்குப் பின்)

பிந்திப் பதில் எழுதுகிறேன், மன்னிக்கவும். உண்மையைச் சொன்னால் மைத்துனரிடம் அதுவரை யாரும் கேட்கவே இல்லை. பெட்டிக்காரர் "அவர் சம்மதிப்பார்தானே" என்றார், நானும் ஓம் என்று தலையாட்டியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அழைத்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அத்தான், என் பெட்டியில் கார்டே இல்லையே" என்றார். பிறகு என் மனைவி தொலைபேசியை வாங்கிக்கொண்டு தம்பியோடு அரை மணி நேரம் பேசினார். பேசி முடித்ததும் என்னோடு பேசவில்லை.

முன்வீட்டு மாஸ்டரிடம் திட்டம் கைவிடப்பட்டது என்று சொன்னேன். அவர் "நல்லது, எனக்கு ஆரம்பத்திலேயே பிடிக்கவில்லை" என்றார்.

அப்பாவுக்கு உள்ளூர்ச் சேவை ஒன்று எடுத்தாயிற்று. அவர் பார்ப்பது செய்தியும் இரவில் பழைய பாட்டும்தானாம். "இதைக் கேட்டிருந்தால் முதலே சொல்லியிருப்பேனே" என்கிறார். முற்பணத்தில் 3,000 திரும்பி வந்தது. மிச்சம் 2,000 ரூபாவுக்குப் பதிலாக அந்த மனிதர் ஒரு இரும்புக் கம்பத்தை முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனார்.

வேப்பமரநிழல்

கம்பம் எத்தனை அடி?

கொக்குவில்_மூத்தவன்

இருபது இருக்கும் ஐயா. துரு இல்லை.

வேப்பமரநிழல்

கொடைக்கானலுக்குக் காணாது. பாகற்கொடிக்குப் போதும். விற்பதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.